லோகன்பெர்ரி ஜாமும் நாலடி வழியும்

1

1955 நவம்பர் 14, திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். ஐப்பசித் துலாவர்ஷ மழை அரை மணி நேரம் பெய்து நின்றிருந்தது. மேற்கே வெயில்; கிழக்கே மலைப் பக்கம் இடி. பாறசாலையில் எங்கள் சபையின் ஆலய முற்றத்தில், அறுப்பின் பண்டிகை ஏலத்தில், நான் காய்ச்சிய ஒரு பாட்டில் ஜாமை உபதேசியார் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். அந்த நிமிடத்தில் அதன் விலை எட்டணா.

இன்றைக்குச் சரியாக ஒரு வருஷம். அந்தப் பாட்டில் என்னோடேயே கடல் கடந்து இலங்கைக்குத் திரும்பி வந்து, நுவரெலியாவுக்கு ஒன்பது மைல் இப்பால் உள்ள இந்தத் தேயிலைத் தோட்டத்தில், என் மருந்துச்சாலை அலமாரியின் மேல் தட்டில் மெழுகு முத்திரை உடையாமல் இருந்தது. போன வாரம் என் மகன் எட்வின் கொழும்பிலிருந்து மூன்று நாள் லீவில் வந்தான். நான் காலை நோயாளிகளைப் பார்த்துவிட்டு (அன்று 34 பேர்) வீட்டுக்குள் வந்தபோது அவன் அதைத் திறந்து ரொட்டியில் தடவித் தின்றுகொண்டிருந்தான்.

"கொஞ்சம் புளிப்பு, டாடி. ஆனால் மோசமில்லை" என்றான்.

"அதில் சீட்டு ஒட்டியிருந்தேனே, தொடக்கூடாது என்று."

"தமிழில் ஒட்டியிருக்கிறீர்கள்" என்றான். அதையும் ஆங்கிலத்தில்தான் சொன்னான்.

மூன்று காலையில் பாட்டில் காலி. அவன் ரயிலேறிய பிறகு அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். ஊரில் இதை வாசிப்பவர்களில் அன்று முற்றத்தில் நின்றவர்களும் இருப்பார்கள் (மொத்தம் 212 பேர், கைக்குழந்தைகள் நீங்கலாக). அவர்கள் நடந்ததைப் பலவிதமாகச் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. ஆகவே எழுதிவைக்கிறேன்.

2

முதலில் பழம். லோகன்பெர்ரி என்பது காட்டுச் செடியல்ல. படைப்பின் முதல் வாரத்தில் அது இல்லை. 1881 வாக்கில் கலிபோர்னியாவில் ஒரு நீதிபதியின் வீட்டுத் தோட்டத்தில் பிறந்தது. அவர் இரண்டு வகைக் கறுப்பு முள்ளுப்பழங்களைக் கலந்து புதிதாக ஒன்று உண்டாக்க முயன்றார். அருகில் சிவப்பு ராஸ்பெர்ரியும் நின்றது. தேனீ எந்த வரிசையிலிருந்து எந்த வரிசைக்குப் போனதென்று நீதிபதி பார்க்கவில்லை. விதைத்ததில் ஒரு நாற்று மட்டும் தாயைப் போலக் கொடியோடிற்று, பக்கத்து வீட்டுக்காரனைப் போலச் சிவப்பாய்க் காய்த்தது. நீதிபதியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். இது கலப்பே அல்ல, தனி இனம் என்று நிபுணர்கள் பல வருஷம் வாதாடினார்கள். பழம் அதுபாட்டுக்குக் காய்த்துக்கொண்டிருந்தது.

இந்த விவரமெல்லாம் எங்கள் தோட்டத்துத் துரைசானி சீமைக்குப் போனபோது விட்டுச் சென்ற புத்தகத்தில் உள்ளது. ஏழு கொடிகளையும் விட்டுச் சென்றார். புதிய துரைக்கு ரோஜாவில்தான் நாட்டம். கொடிகளைப் பிடுங்கி எறியச் சொன்ன அன்று நான் ஏழையும் மருந்துச்சாலைப் பின்புறத்துக்கு மாற்றினேன். முப்பத்தாறு வருஷம் மாத்திரை எண்ணிய கைக்கு இந்தச் செடி பொருத்தமானது. ஒவ்வொன்றையும் எண்ணலாம்.

கொடி முதல் வருஷம் இலை மட்டும் விடும். இரண்டாம் வருஷம் பூத்துக் காய்த்துவிட்டுச் செத்துப்போகும். அதைத் தரையோடு வெட்டிவிட வேண்டும். அதற்குள் அடியிலிருந்து புதுக்கொடி வந்திருக்கும். பழையதைக் கம்பியில் வலப்பக்கமும் புதியதை இடப்பக்கமும் கட்டினால் வெட்டும்போது ஆள் மாறாது. புதுச்செடி வேண்டுமானால் கொடி நுனியை வளைத்து மண்ணில் புதைத்தால் போதும், வேர் பிடிக்கும். முள் உண்டு. பழம் விரல் நுனி நீளம். சிவந்தவுடன் பறித்தால் பல் கூசும், கருஞ்சிவப்பாகும்வரை பொறுக்க வேண்டும். அதுவரை பறவைகள் பொறுப்பதில்லை. ராஸ்பெர்ரியைப் பறித்தால் நடுத்தண்டு செடியிலேயே நின்றுவிடும். இது தண்டோடு கையில் வரும். சர்க்கரையில் வேகவைக்கலாம், மாவுக்குள் வைத்துச் சுடலாம், காய்ச்சல் விட்டவர்களுக்குச் சாறு பிழிந்து கொடுக்கலாம். எல்லாவற்றிலும் ஜாம்தான் நிற்கும். ஓர் இறாத்தல் பழத்துக்கு ஓர் இறாத்தல் சர்க்கரை.

1955இல் ஏழு கொடியில் 427 பழம். பறவைகள் தின்றது இதில் சேராது. நோயாளிகளுக்குக் கொடுத்ததுபோக இரண்டு பாட்டில் ஜாம் தேறிற்று. இரண்டுதான் எனக்குத் தேவையாக இருந்தது.

3

ஏன் இரண்டு என்று சொல்ல வேண்டும்.

எனக்கு 61 வயது. வரும் ஜூன் 30ஆம் தேதியோடு வேலை முடிகிறது. வேலை முடிந்தால் தோட்டத்து வீடு இல்லை. இந்த நாட்டில் தங்கும் அனுமதியும் அன்றோடு முடிகிறது. மனைவி இறந்து ஒன்பது வருஷம். எட்வினுக்குக் கொழும்பில் ஒரு அறை. அதில் அவன் நீட்டிப் படுத்தால் கால் கதவில் இடிக்கும். ஆக, எனக்குப் போக இருக்கும் இடம் பாறசாலையில் அப்பா வைத்துப்போன பதினெட்டு சென்ட்.

அப்பாவின் நிலத்தை மூன்று பங்கு வைத்தபோது நான் இங்கே இருந்தேன். ரோட்டோரம் கிழக்குப் பங்கு தம்பி ஞானசிகாமணிக்கு. மேற்குப் பங்கு தங்கை ரோசம்மாளுக்கு. இரண்டுக்கும் பின்னால் உள்ளது எனக்கு. ரோட்டிலிருந்து என் பங்குக்கு வழி கிடையாது. அவர்கள் இருவருக்கும் நடுவே ஒரு வேலி ஓடுகிறது. அதன் கடைசியில் எங்கள் மூவருக்கும் பொதுவான கிணறு. வேலி ஓரமாக இவனிடம் இரண்டடி, அவளிடம் இரண்டடி வாங்கினால் நாலடி. வீடு கட்ட வெட்டுகல் ஏற்றிய கைவண்டிக்கு நாலடி போதும். இரண்டு கையெழுத்து வேண்டும்: தம்பியுடையது, தங்கை கணவர் யோவேலுடையது. ஒருவர் போட்டு மற்றவர் போடாவிட்டால் இரண்டடி வழி. அதில் நான் போகலாம், வீடு போகாது.

அந்த வருஷம் இவர்கள் இருவரும் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவது சுலபமல்ல. எல்லைக் கமிஷனின் அறிக்கை வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. தெற்கே நாலு தாலுகா தமிழ்ப் பக்கம் போகும், எங்கள் பாறசாலை உள்ள நெய்யாற்றின்கரைத் தாலுகா போகாது என்று அதில் கண்டிருந்தது. தம்பி மிஷன் பள்ளியில் தமிழ் வாத்தியார். பள்ளியில் தமிழ் நின்றால் அவன் சோறும் நிற்கும். அதற்கு முந்திய வருஷம் ஊர்வலத்தில் போய்ப் பதினோரு நாள் காவலில் இருந்தான். ஒரு முழங்கால் இன்னும் மடங்குவதில்லை. யோவேல் திருப்புறம் ஊர்க்காரர், திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. அவர் சோறு அங்கே. வீட்டில் இருவரும் பேசுவது ஒரே பேச்சு. முற்றத்துக்கு வந்தால் யோவேல் மலையாளத்துக்கு மாறிவிடுவார், தம்பி மேடைத் தமிழுக்கு மாறிவிடுவான்.

ஆகவே ஆளுக்கு ஒரு பாட்டில், ஒரே நாள், ஒரே அளவு. பிறகு பேச்சோடு பேச்சாக ஆளுக்கு இரண்டடி. இதுதான் திட்டம்.

4

தனுஷ்கோடியில் சுங்க அதிகாரி இரண்டு பாட்டிலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஜாமுக்குள் தங்கம் வைத்துக் கொண்டுவருபவர்கள் உண்டாம்.

"என்ன பழம்?"

சொன்னேன். அவர் தம் பட்டியலில் தேடினார். ஆப்பிள் இருந்தது, ஆரஞ்சு இருந்தது. 'இதர' என்ற பத்தியில் எழுதிக்கொண்டு ஒரு பாட்டிலின் முத்திரையை உடைத்து, நீளக் கம்பியை விட்டுக் கிண்டினார். தங்கம் இல்லை. சந்தேகம் தீர இரண்டு கரண்டி தின்றார். மற்ற பாட்டிலை நம்புவதாகச் சொல்லித் திருப்பித் தந்தார்.

திறந்த பாட்டிலை யாருக்குக் கொடுப்பது? கொடுத்தால், மற்றவருக்கு மூடிய பாட்டில். நாலடி வழியை இரண்டு கரண்டிப் பள்ளத்துக்காக இழக்க நான் தயாராயில்லை. மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் என்று வண்டி மாறும்போதெல்லாம் யோசித்தேன். களியக்காவிளையில் பஸ் நின்றபோது முடிவு செய்தேன்: திறந்ததை வெளியே எடுப்பதில்லை, மூடியதைக் கர்த்தருக்குக் கொடுத்துவிடுவது. கர்த்தர் யார் பக்கமும் இல்லை.

தம்பி வீட்டில் ஒரு ராத்திரி, தங்கை வீட்டில் ஒரு ராத்திரி என்று மாறி மாறித் தங்கினேன். ரொட்டியை வாய்தவறி இலங்கை வழக்கப்படி 'பாண்' என்றேன். தங்கை மகள், "பாணு எண்ணா என்னவாக்கும் மாமா, மருந்தா?" என்று கேட்டாள். இரண்டு வீட்டிலும் எனக்குப் 'பாணு' என்ற பெயரே நிலைத்தது. ஒன்றிலாவது இரு வீடும் ஒத்துப்போயிற்றே என்று நினைத்தேன்.

5

ஊர் அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அறுப்பின் பண்டிகைக்கு வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, கோழி, முட்டை என்று அவரவர் முதற்பலனைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கொடுக்கல் வாங்கல் கூடாதாகையால் திங்கட்கிழமை ஏலம். பணம் கர்த்தருக்குப் போவதால் முட்டையை முட்டை விலைக்குக் கேட்பது மரியாதையல்ல. அன்று ஒரு முட்டை இரண்டே கால் ரூபாய்க்குப் போயிற்று. காட்டாக்கடையிலிருந்து வந்த ஒரு பலாப்பழம் ஏழு ரூபாய்.

என் பாட்டிலைப் பழத்தில் சேர்ப்பதா பலகாரத்தில் சேர்ப்பதா என்று உபதேசியாருக்குத் தெரியவில்லை. கடைசியில் வைத்துவிட்டார். கடைசிச் சாமானை எடுப்பவர் சொல்லும் பாட்டைப் பாடித்தான் பண்டிகையை முடிப்பது என்று ஒரு வழக்கம் நான் ஊரைவிட்ட பிறகு வந்திருக்கிறது. அது எனக்குத் தெரியாது. வழக்கமாக ஏதாவது ஒரு சீப்புப் பழம் கடைசியில் வரும், யாராவது விதவை எடுப்பார், பாடிவிட்டுப் போவார்கள். அந்த வருஷம், பாட்டு தமிழிலா மலையாளத்திலா என்பதற்காகவே இரண்டு பக்கமும் கலையாமல் நின்றது. ஆண்கள் பக்கம் அவ்வளவு பேர் இருந்ததற்குக் காரணம் பக்தி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இது லோகன்பெறி ஜாமாக்கும்" என்றார் உபதேசியார். "சிலோன்லே உள்ள நம்ம டிஸ்பென்சர் அண்ணன் கொண்டு வந்தது. எட்டணா!"

"அது என்ன பழம் ஓய்?" என்று ஒருவர் கேட்டார்.

"ரெண்டு பழம் சேந்து உண்டான ஒரு பழமாம்."

"அப்பம் ஒரு பாட்டிலுக்க வெலையா, ரெண்டு பாட்டிலுக்க வெலையா?"

சிரித்தார்கள். அதுதான் அன்றைய கடைசிச் சிரிப்பு.

தம்பி ஒரு ரூபாய் என்றான். யோவேல் இரண்டு என்றார். பத்துவரை மற்றவர்களும் கேட்டார்கள். அதற்குப் பிறகு இந்த இருவர்தான். தம்பியின் முதுகை நாலு பேர் தட்டிக்கொடுத்தார்கள். யோவேலுக்குப் பின்னால் ஐந்து பேர். உபதேசியார் ஒரு தரம் சொல்வார், இரண்டு தரம் சொல்வார், மூன்றாம் தரம் சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. எண்களில் மட்டும் இரு பக்கமும் தகராறில்லாமல் ஒருவர் சொன்னது மற்றவருக்கு விளங்கியது.

முப்பத்தெட்டு ரூபாயில் ரோசம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து சுற்றி வந்து என் பின்னால் நின்றாள்.

"அண்ணா, இவிய ரெண்டு பேரும் நிறுத்தமாட்டாவ. எனக்க வீட்டிலே விக்கதுக்கு உள்ளது ஒரு பசுவாக்கும். அதும் செனை."

"நான் சொன்னா கேப்பானா?"

"சொல்லாண்டாம். நீங்களும் ஏலத்திலே கேளுங்க."

கடைசிப் பாட்டின் வழக்கத்தையும் அவளே காதோடு சொன்னாள். அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. தம்பி எடுத்தால் யோவேல் கையெழுத்துப் போடமாட்டார். யோவேல் எடுத்தால் தம்பி போடமாட்டான். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் எனக்கு இரண்டடிதான். தம்பி நாற்பத்தைந்து என்றான். அது அவன் மாதச் சம்பளம். யோவேல் நாற்பத்தாறு என்றார். தம்பி நாற்பத்தேழு என்றபோது குரல் இறங்கிவிட்டது.

"ஐம்பது" என்றேன்.

முற்றம் திரும்பிப் பார்த்தது. உபதேசியார், "அண்ணே, கொண்டு வந்தவருக்கே கேக்க முறையில்லையே" என்றார்.

"மேசையிலே வச்ச பொறவு அது கர்த்தருக்க பாட்டிலு. எனக்க பாட்டிலு இல்லே."

அவர் யோசித்தார். வேதத்தில் இதற்கு விரோதமாக ஒன்றும் கிடைக்கவில்லை போலும். "ஐம்பது, ஒரு தரம்."

தம்பி நொண்டிக்கொண்டு முன்னால் வந்தான். "அண்ணன் எந்தப் பாட்டுக்காக்கும் கேக்குது? அதைச் சொல்லும் முதல்லே."

"அளியன் பறயட்டே" என்றார் யோவேல். "பறஞ்சால் ஞான் நிர்த்தாம்." அளியன், அதாவது மைத்துனனாகிய நான், பாட்டைச் சொன்னால் தாம் நிறுத்திக்கொள்வாராம்.

நான் சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் இரண்டடி போகும். சொல்லாததால் இருவருக்கும் என்மேல் சந்தேகம். இருவரும் எனக்கு எதிராகக் கேட்டார்கள். ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று. மறுபடி தூறிற்று. குடை வைத்திருந்தவர்கள்கூட விரிக்கவில்லை. யோவேல் எழுபது என்றார். நான் எழுபத்தொன்று என்றேன். அந்நேரம் தம்பி மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்தாள். தம்பி வாயை மூடினான். ரோசம்மாள் யோவேலுக்குப் பின்னால் போய் ஒரு வார்த்தை சொன்னாள். என்ன வார்த்தை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உபதேசியார் அவசரமாக மூன்றாம் தரம் சொன்னார்.

முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் நான் எந்தப் பாட்டைச் சொல்வேன் என்று பார்த்தார்கள்.

தமிழ், மலையாளம் இரண்டு பாட்டுப் புத்தகத்திலும் உள்ள, ஒரே ராகத்தில் பாடும் ஒரு பாட்டைச் சொன்னேன். ஒரு சரணம் தமிழ், அடுத்தது மலையாளம், அப்படியே மாறி மாறி என்றேன். என் கணக்கில் அது நாலடி வழியைப் போலவே நியாயமானது. முணுமுணுத்தார்கள், ஆனால் பாடினார்கள். முதல் சரணம் தமிழ். இரண்டாவது மலையாளம். மூன்றாவது தமிழ். நாலாவது மலையாளம். நான் பாட்டிலைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது ஆர்மோனியம் மறுபடி தொடங்கிற்று.

அந்தப் பாட்டுக்கு ஐந்து சரணம்.

கூட்டத்தை எண்ணியவன் நான். பலாப்பழத்தின் விலை, மேசையில் இருந்த முட்டை, கோயிலின் சன்னல் எல்லாம் எனக்கு எண்ணிக்கையில் இருந்தன. சிறுவயதிலிருந்து பாடிய பாட்டின் சரணத்தை எண்ணவில்லை. தமிழ்ப் பக்கம் ஐந்தாவதை முற்றம் அதிரப் பாடிற்று. யோவேல் புத்தகத்தை மூடிவிட்டு விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை, கையெழுத்து வாங்க, வழிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு முதலில் அவரிடம் போனேன்.

"மூணுக்கு ரெண்டு, அளியா" என்றார். வீட்டுக்குள் என்பதால் தமிழில்தான் சொன்னார். "எனக்க கையைக் கொண்டு இனி ஒரு ஒப்பும் வராது."

தம்பியிடம் போனேன். "அஞ்சும் நமக்கு உள்ளதாக்கும். அதிலே ரெண்டை அண்ணன் எடுத்து அவனுக்குக் குடுத்தாச்சு. பின்னே எனக்க மண்ணிலேயும் ரெண்டடியா?" என்றான். அதற்கு மேல் வேலியின் இரு பக்கமும் பேச்சில்லை. பெண்களும் பேசக்கூடாது என்று இரண்டு வீட்டிலும் உத்தரவு.

புதன்கிழமை விடியுமுன் முதல் பஸ்ஸில் கிளம்பினேன். சுங்கக்காரர் திறந்த பாட்டில் பைக்குள் கசிந்திருந்ததால் அதைத் துடைத்துக் கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் வைத்து முகம் கழுவியவன், அதை எடுக்க மறந்துவிட்டேன். ஏலத்தில் எடுத்ததை மட்டும் கொண்டுவந்தேன். தலைமன்னாரில் அதற்கு இறக்குமதித் தீர்வை கேட்டார்கள். இங்கிருந்து போனதுதான் என்றேன். போனதற்குச் சீட்டு உண்டா என்றார்கள். 'இதர' என்ற பத்தியில் உள்ளதற்குச் சீட்டு கொடுப்பதில்லை.

6

போன செவ்வாய்க்கிழமை அனுமதி ஆபீசுக்குப் போனேன். திரும்பிப்போவதற்கு மனு. மேசைக்குப் பின்னால் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். என் பழைய மனுக்களையெல்லாம் அடுக்கி வைத்திருந்தார்.

"முதல் மனுவிலே பிறந்த இடம் திருவிதாங்கூர் எண்டு எழுதியிருக்கிறியள். அடுத்ததிலே திருவிதாங்கூர்-கொச்சி. இதிலே கேரளம். நீங்கள் எத்தனை இடத்திலே பிறந்தனீங்கள்?"

"ஒரே அறையில்தான் ஐயா. அறை நகரவில்லை."

"நாலு நாளைக்கு முதல்தான் கேரளம் எண்டு ஒண்டு வந்தது. நீங்கள் அறுபத்தொரு வருஷத்துக்கு முதல் அதிலே பிறந்தனீங்களோ?"

நான் கணக்கைத் திருத்தினேன்: ஐந்து நாள். அவர் அதை விரும்பவில்லை. "சரி, திரும்பிப் போய் இருக்கப்போற விலாசம்? வீட்டு நம்பர், தெரு?"

வீடு இல்லை. தெருவிலிருந்து வழியும் இல்லை. கிழக்கே தம்பி, மேற்கே தங்கை என்று எழுதலாமா என்று கேட்டேன். விலாசமில்லாத மனுவை எடுக்க ஏலாது என்று திருப்பித் தந்தார். இரண்டு பஸ் மாறித் திரும்பி வந்தேன்.

7

நேற்று முன்தினம் ரோசம்மாளின் கடிதம் வந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணனுக்கு ரோசம்மாள் எழுதுவது. சுகம், சுகத்துக்கு எழுதவும். ஒரு சங்கதி உண்டு. போன வருஷம் அண்ணன் கிணத்துச் சுவரிலே ஒரு பாட்டிலு வச்சிட்டுப் போனதை நானும் மதினியும் ஒரே நேரத்திலே கண்டோம். யாருக்குள்ளது எண்ணு கேக்கணுமே, பேசக்கூடாதே. அவ எனக்க மொகத்தைப் பாத்தா, நான் அவளுக்க மொகத்தைப் பாத்தேன். அவதான் கரண்டி கொண்டு வந்தா. ஒம்பது நாளு தண்ணி கோர வந்தப்பம் எல்லாம் ரெண்டு பேருமா தின்னு தீத்தோம். நல்ல புளிப்பு. மதினிக்கு அப்பம் மூணு மாசம்.

"இப்பம் மழைக்குப் பொறவு வேலி மறுபடியும் கெட்டணும் எண்ணு வந்தது. நான் இவியகிட்டே சொன்னேன், அந்த மனுசனுக்க வேலி நமக்கு என்னத்துக்கு, நம்ம மண்ணிலே ரெண்டடி உள்ளே தள்ளி நம்ம வேலியைத் தனியா கெட்டுவோம் எண்ணு. ரொம்ப ரோஷமா சம்மதிச்சாவ. மதினியும் அங்கே இதையே சொன்னா. அவனும் ரோஷமா உள்ளே தள்ளிக் கெட்டிட்டான். பழைய வேலியை ரெண்டு பேரும் எனக்கு வேண்டாம் எண்ணு பிடுங்கிப் போட்டாச்சு. நடுவிலே இப்பம் ஆருக்கும் வேண்டாத எடம் கெடக்கு. மேஸ்திரி கைவண்டியிலே கல்லு ஏத்தி உருட்டிப் பாத்தாரு. போவுது. இவிய யாரும் ஒப்புப் போடமாட்டாவ, அதை அண்ணன் எதிர்பாக்காண்டாம். வாறது எண்ணைக்கு எண்ணு எழுதவும்."

உடனே பதில் எழுதினேன். அகலம் எவ்வளவு என்று கேட்டேன். ஆனால் கடிதத்தின் பின்புறத்தில் அவளே எழுதியிருந்ததை அதன் பிறகுதான் பார்த்தேன்: மூன்றடி ஒன்பது அங்குலம், தம்பி பக்கம் ஒரு தென்னை நிற்பதால் நாலடியில் மூன்று அங்குலம் குறைந்துவிட்டது, சந்தேகமிருந்தால் அண்ணன் நேரே வந்து அளந்துகொள்ளட்டும்.

மூன்று அங்குலம் குறைவாக இருப்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. கைவண்டி போயிற்று என்கிறாள். எந்த அளவுக் கைவண்டி என்று எழுதவில்லை. ஜூன் முடிந்து போகும்போது அளவுநாடா கொண்டுபோவேன். மனுவில் விலாசம் என்ற இடத்தில், 'இரண்டு வேலிகளுக்கு நடுவில் உள்ள வழியாக, கிணற்றுக்குப் பின்னால், பாறசாலை' என்று எழுதி நேற்று அனுப்பிவிட்டேன். எட்வினுக்கும் அதே விலாசத்தை ஆங்கிலத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

வழிக்கு யாரும் விலை கேட்கவில்லை. ஆகவே அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த ஒரு பாட்டிலுக்கு மட்டும் ஆன செலவு: ஏலம் எழுபத்தொரு ரூபாய். சர்க்கரை ஒரு ரூபாய் இரண்டணா. பாட்டிலும் மெழுகும் ஆறணா. வழியில் சுமைகூலி எட்டணா. தலைமன்னாரில் தீர்வை பன்னிரண்டணா. எட்வின் அதைத் தொட்டுத் தின்ற ரொட்டி பத்தணா. இலங்கைச் சதங்களை அணாவாக மாற்றி இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். மொத்தம் எழுபத்து நான்கு ரூபாய் ஆறணா.